மறுமலர்ச்சியும் கடல்வழித் தேடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வரை, ஐரோப்பிய வரலாறு என்றதும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். இரண்டு மதிப்பெண் விடை தேடி வருபவர்களுக்கு இது நீளம். ஆனால் இந்தக் கதையைச் சுருக்கிச் சுருக்கியே அதன் உயிரை எடுத்துவிட்டோம் என்பது என் எண்ணம். அதனால் தேவைப்பட்ட இடத்தில் நின்று நிதானமாகவே சொல்லியிருக்கிறேன்.

மறுமலர்ச்சி என்றால் ஓவியம், சிற்பம். கடற்பயணம் என்றால் மிளகு, பீரங்கி. இரண்டையும் ஏன் ஒரே பாடத்தில் வைக்கிறார்கள்?

மறுமலர்ச்சி என்பது பழைய கிரேக்க, ரோமானிய நூல்களை ஐரோப்பா மறுபடி தேடிப் படித்த காலம். அதையும் கடற்பயணத்தையும் சேர்த்துத் தைத்தது ஒரு நூல். கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அன்று தெரிந்த உலகத்தில் சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்து கிரேக்க மொழியில் ஒரு புவியியல் நூல் எழுதினார். மதுரையும் முசிறியும் கொற்கையும் அதில் உண்டு. அரபு அறிஞர்கள் அதைப் படித்தார்கள், திருத்தவும் செய்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் வாசிக்கத் தெரிந்தவர்களே அருகிப் போனதால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்த நூல் அங்கே யார் கைக்கும் எட்டவில்லை.

1397இல் புளோரன்ஸ் நகரம், கிரேக்கம் சொல்லிக்கொடுப்பதற்காக கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) மானுவேல் கிரைசோலோரஸ் என்ற அறிஞரை வரவழைத்தது. அவரிடம் படித்த யாக்கோபோ ஆஞ்செலி 1406 வாக்கில் தாலமியை லத்தீனில் கொண்டுவந்தார். அதுவரை மாலுமிகளிடம் இருந்த வரைபடங்கள் மத்தியதரைக் கடலின் கரைகளை அருமையாகக் காட்டும். அதைத் தாண்டினால் தடுமாறும். தாலமி கொடுத்தது ஒரு கட்டம். உலகம் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, தெரிந்த இடத்தை அதில் வை, தெரியாத இடத்தைக் காலியாக விடு என்கிற முறை. காலியாக ஒரு கட்டம் கண்ணில் பட்டால் அதை நிரப்பத் தோன்றும் அல்லவா? அந்தத் தோன்றல்தான் இந்தக் கதையின் பாதி.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். போஜ்ஜோ பிராச்சோலினி. பழைய மடங்களைக் குடைந்து, மறந்துபோன லத்தீன் ஏடுகளை வெளியே எடுத்தவர். லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரின் காவியத்தை 1417இல் மீட்டெடுத்தவர் அவர்தான். அதே போஜ்ஜோ, போப்பின் செயலாளராக இருந்தபோது, பல ஆண்டுகள் கிழக்கே அலைந்து திரும்பிய நிக்கோலோ தே கோந்தி என்ற வெனிஸ் வணிகரை உட்கார வைத்துக் கதை கேட்டு எழுதினார். விஜயநகரம், மயிலாப்பூர், சுமத்ரா எல்லாம் அதில் வருகின்றன. பழைய ஏட்டைத் தேடிய அதே கைதான் புதிய கடலைப் பற்றியும் எழுதியது. மறுமலர்ச்சியையும் கடல்வழித் தேடலையும் இரண்டு தலைப்பாகப் பிரித்துப் படித்தால் இந்த மனிதர் எந்தத் தலைப்பிலும் அடங்கமாட்டார்.

அப்படியானால் தாலமி சொன்னது எல்லாம் சரியா?

இல்லை. அவர் வரைபடத்தில் இந்தியத் தீபகற்பம் தட்டையாக நசுங்கிக் கிடக்கும். இலங்கை பல மடங்கு ஊதிப் பெருத்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, ஆப்பிரிக்காவின் தெற்கு முனை கிழக்கே நீண்டு ஆசியாவோடு சேர்ந்துவிடும். அதாவது இந்தியப் பெருங்கடல் நாலா பக்கமும் நிலம் சூழ்ந்த ஒரு பெரிய ஏரி. அப்படி இருந்தால் போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கப்பலில் போகவே முடியாது.

வெனிஸ் அருகே ஒரு தீவு மடத்தில் இருந்த பிரா மவுரோ என்ற துறவி, 1450 வாக்கில் வரைந்த பெரிய உலக வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலைத் திறந்துவிட்டார். பயணிகள் வாய்மொழியாகச் சொன்னதை அவர் தாலமியைவிட நம்பினார். அதன் ஒரு படியைச் செய்து தரச் சொல்லி போர்ச்சுகல் மன்னர் பணம் கொடுத்தார். பழைய நூலை மதித்துப் படித்து, பிறகு அதை மறுத்து எழுதும் துணிவு வந்ததே, மறுமலர்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து வணிக வழியை அடைத்ததால்தான் ஐரோப்பியர் கடலில் இறங்கினார்கள் என்று படித்தோமே?

பலரும் மனப்பாடமாகச் சொல்லும் வரி இது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், தானாகவே ஆட்டம் காணும். கிரைசோலோரஸ் புளோரன்ஸ் வந்தது 1397. போர்ச்சுக்கீசியர் மொராக்கோவின் செயூட்டா துறைமுகத்தைப் பிடித்தது 1415. ஆப்பிரிக்கக் கரையின் பொஜடோர் முனையைத் தாண்டியது 1434. எல்லாமே 1453க்கு முன்னால்.

மிளகு வந்த முதன்மை வழியும் கான்ஸ்டான்டிநோபிள் அல்ல. செங்கடல் ஏறி எகிப்துக்கு வந்து, அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர் கையில் சேர்ந்தது. எகிப்து 1517 வரை மம்லூக் சுல்தான்களிடம்தான் இருந்தது. 1453க்குப் பிறகும் வெனிஸ்காரர்கள் அங்கே வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். போர்ச்சுக்கீசியருக்கு உறுத்தியது அடைபட்ட வழியல்ல, அந்த வழியில் மற்றவர் பார்த்த லாபம்.

1453க்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. கிரேக்க அறிஞர்கள் சிலர் ஏடுகளோடு இத்தாலி வந்தார்கள். கார்டினல் பெசாரியன் தான் சேர்த்த நூற்றுக்கணக்கான கிரேக்க ஏடுகளை 1468இல் வெனிஸுக்கே கொடுத்தார். ஆனால் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதுதான் அது. விளக்கை ஏற்றியது வேறு கைகள்.

பணமும் படிப்பும் இத்தாலியில். கப்பல் விட்டது மட்டும் ஏன் போர்ச்சுகல்?

வெனிஸுக்குத் தேவை இல்லை. இருக்கிற வழியே லாபம் கொடுத்தது. போர்ச்சுகல் சுமார் 10 லட்சம் பேர் கொண்ட சிறிய நாடு, ஒரு பக்கம் முழுக்க அட்லாண்டிக். சஹாரா பாலைவனத்தைத் தாண்டி ஒட்டகத்தில் வரும் தங்கத்தை அது கிளம்பும் இடத்திலேயே கடல் வழியாகப் போய் எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதுதான் தொடக்கம். இந்தியா என்ற எண்ணம் பிறகு வந்தது.

இத்தாலி ஒதுங்கியும் நிற்கவில்லை. லிஸ்பனிலும் ஸ்பெயினின் செவியாவிலும் ஜெனோவா, புளோரன்ஸ் வணிகர்கள் கடை விரித்திருந்தார்கள். லிஸ்பனில் குடியேறிய பர்த்தோலோமியோ மார்க்கியோன்னி என்ற புளோரன்ஸ்காரர், 1500இல் போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால் இந்தியாவுக்குக் கொண்டுபோன கப்பல் கூட்டத்திலேயே முதலீடு செய்திருந்தார். அடிமை வணிகத்திலும் அவர் பெரிய கை.

இனி காற்றைப் பற்றி. பொஜடோர் முனையில் பூதம் இருக்கிறது என்று மாலுமிகள் பயந்தார்கள் என்பார்கள். பயத்துக்கு அதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்தது. அந்தக் கரையில் காற்று வடக்கிலிருந்து தெற்கே அடிக்கும். போவது சுலபம், திரும்பி வருவது எப்படி? இதற்குப் போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கண்ட விடை விசித்திரமானது. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டை விட்டு விலகிப் போ. கரையை விட்டு வடமேற்கே நடுக்கடலுக்குள் போய், அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பிடித்து லிஸ்பனுக்குத் திரும்பு. 'கடலின் திருப்பம்' என்ற பொருளில் அதற்கு அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு இது. படிப்பறிவே இல்லாத பல மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது. அதற்கு ஏற்ற கப்பல் கேரவல்: சிறியது, ஆழமில்லாத தண்ணீரிலும் போகும், முக்கோணப் பாயால் எதிர்க்காற்றிலும் கோணலாக முன்னேறும்.

இதே வழியில் வந்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1444 ஆகஸ்ட் 8. போர்ச்சுகலின் தெற்கே லாகோஸ் துறைமுகம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட 235 பேரை ஊருக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமேல் உட்கார்ந்து தன் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டார். அரசவையின் வரலாற்றாசிரியர் ஜூராரா இதை எழுதி வைத்திருக்கிறார். தகப்பனை ஒரு பக்கம், மகனை ஒரு பக்கம் தள்ளியபோது பிள்ளைகள் ஓடி வந்து பெற்றோரைக் கட்டிக்கொண்டதையும், தாய்மார் குழந்தைகளை அணைத்தபடி தரையில் குப்புற விழுந்து அடியைத் தங்கள் முதுகில் வாங்கியதையும் எழுதுகிறார். இளவரசரைப் புகழவே பேனா பிடித்தவர், அந்த இடத்தில் தனக்கும் கண்ணீர் வந்ததாகச் சொல்கிறார். அப்புறம் மறுபடியும் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடுகிறார். இந்தப் பக்கத்தைப் படிக்காமல் கேரவலின் அழகை மட்டும் பேசுவது எனக்கு முடியாது.

ஹென்றி சாக்ரஸில் ஒரு மாலுமிப் பள்ளி நடத்தினாராமே?

அப்படி ஒரு பள்ளி இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பிற்காலத்தில் வளர்ந்த கதை. அவர் கப்பல்களுக்குப் பணமும் உரிமமும் கொடுத்தார், அதுவே பெரிய வேலைதான். அவர் தாமே கடலில் போனது மொராக்கோ வரைக்கும்தான்.

உலகம் உருண்டை என்று கொலம்பஸ் நிரூபித்தாரா?

படித்தவர்கள் யாரும் அன்று உலகம் தட்டை என்று நினைக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் உருண்டைப் பூமியைப் பற்றிய பாடநூல் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. தட்டை உலகத்தை நம்பிய பாதிரிமார்களோடு கொலம்பஸ் மோதினார் என்ற கதை பரவியதற்கு, அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு ஒரு முக்கியக் காரணம்.

சண்டை வடிவத்தில் அல்ல, அளவில். கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே போனால் ஜப்பான் எவ்வளவு தூரம்? கொலம்பஸின் கணக்கில் சுமார் 4,400 கிலோமீட்டர். உண்மையில் 19,000 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு பிழை எப்படி வந்தது? ஆசியா கிழக்கே மிக நீளமாகப் போகிறது என்று சொன்ன ஆட்களையே தேடித் தேடி நம்பினார். ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று அரபு வானியலாளர் அல்-பர்கானி சொன்னதை எடுத்துக்கொண்டார். ஆனால் அரபு மைல் பெரியது, கொலம்பஸ் அதைச் சிறிய இத்தாலிய மைலாக எண்ணிவிட்டார். பூமி கால்வாசி சுருங்கிவிட்டது. புளோரன்ஸ் அறிஞர் தோஸ்கனெல்லி 1474இல் லிஸ்பனுக்கு எழுதிய கடிதம் ஒன்றும், மேற்கே போனால் ஆசியா அருகில்தான் என்றது. அதன் படி கொலம்பஸ் கைக்கும் வந்தது.

அவர் படித்த புத்தகங்கள் சில இன்றும் செவியாவில் இருக்கின்றன. மார்கோ போலோவின் பயண நூலும், பியேர் தாய்யி என்ற பிரெஞ்சு கார்டினலின் உலக நூலும் அவற்றில் உண்டு. ஓரங்களில் நூற்றுக்கணக்கான குறிப்புகள். தங்கம், முத்து, வாசனைப் பொருள் என்று வரும் இடங்களில் எல்லாம் அடையாளங்கள். தேர்வுக்கு முந்தின இரவு நாம் புத்தகத்தில் கோடு போடுவோமே, அப்படி. தனக்கு வேண்டியதற்கு மட்டும் கோடு போட்டுப் படித்த ஒரு மனிதரின் மனம் அந்த ஓரங்களில் அப்படியே தெரிகிறது.

போர்ச்சுகல் மன்னரின் அறிஞர்களும், பிறகு ஸ்பெயினின் குழுவும் அவர் திட்டத்தை நிராகரித்தார்கள். தூரக் கணக்கில் அவர்கள் சொன்னதே சரி. நடுவே யாரும் எதிர்பார்க்காத ஒரு கண்டம் இல்லாமல் போயிருந்தால் அவருடைய மூன்று கப்பல்களும் பசியாலும் தாகத்தாலும் அழிந்திருக்கும். 1492 அக்டோபர் 12இல் பஹாமாஸ் தீவு ஒன்றில் இறங்கியவர், 1506இல் சாகும்வரை தான் போனது ஆசியா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் கொலம்பியா என்று வைக்காமல் அமெரிக்கா என்று வைத்தார்கள்?

அது புதிய கண்டம் என்று எழுதிய கடிதங்கள் அமெரிகோ வெஸ்புச்சி என்ற புளோரன்ஸ்காரரின் பெயரில் அச்சாகிப் பரவின. 1507இல் மார்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர் தன் அச்சு வரைபடத்தில் அந்தப் பெயரை எழுதினார். சில ஆண்டுகளில் மனம் மாறி, அடுத்த வரைபடத்தில் அதை நீக்கியும் பார்த்தார். ஆனால் முதல் வரைபடம் 1,000 படிகள் அச்சாகியிருந்தது. அச்சில் போனதைத் திரும்ப வாங்க முடியுமா?

வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்தது எப்படி?

வழியில் பாதியை அவருக்கு முன்பே மற்றவர்கள் திறந்துவிட்டார்கள். பர்த்தலோமியு டயஸ் 1488இல் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிவிட்டார். பேரோ ட கொவில்யான் என்ற ஒற்றர் தரைவழியாகக் கிளம்பி, அரபுக் கப்பல்களில் ஏறி, காமாவுக்குப் பத்தாண்டு முன்பே கண்ணூரையும் கோழிக்கோட்டையும் பார்த்துவிட்டார்.

காமாவின் நான்கு கப்பல்கள் 1497 ஜூலை 8இல் லிஸ்பனிலிருந்து கிளம்பின. சுமார் 170 பேர். கேப் வெர்தே தீவுகளைத் தாண்டியதும் கரையோரமாகப் போகாமல் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவாகச் சுற்றிப் போனார்கள். மூன்று மாதம் கரையே கண்ணில் படவில்லை. கொலம்பஸ் அப்படிப் போனது 36 நாள்தான். அட்சரேகை பார்க்க உதவிய சூரிய அட்டவணை, ஸ்பெயின் விரட்டிய யூத அறிஞர் ஆபிரகாம் சகூத்தோவின் உழைப்பிலிருந்து வந்தது. அவரைப் போர்ச்சுகலும் அதே காலத்தில் விரட்டிவிட்டது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஒரு குஜராத்தி மாலுமி வழிகாட்டியாக ஏறினார். போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் ஜுவாவ் டி பாரோஸ் ஒரு காட்சி எழுதுகிறார். சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் என்ற கருவி, மரத்தில் செய்த பெரியது ஒன்று காமாவிடம் இருந்தது. அதை எடுத்துக் காட்டினார், வழிகாட்டி வியந்துபோவார் என்று. அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. எங்கள் கடலிலும் நட்சத்திரம் பார்க்கக் கருவி உண்டு என்று சொல்லி, சிறு பலகைகளால் ஆன ஒன்றைக் காட்டினார். கமால் என்று அரபு மாலுமிகள் சொன்ன அந்த வகைக் கருவியை நம் சோழமண்டலக் கரையில் இராப்பலகை என்றார்கள். பலகையின் கீழ் விளிம்பைக் கடலின் அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, முடிச்சுப் போட்ட கயிற்றைப் பல்லில் கடித்து அளப்பது. அவ்வளவுதான்; வேலை செய்யும். (அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபு மாலுமி இபின் மஜித் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை.)

பருவக்காற்று தெரிந்த அந்த மனிதரோடு அரபிக் கடலை 23 நாளில் கடந்து, 1498 மே 20இல் கோழிக்கோடு அருகே நங்கூரம் போட்டார்கள். முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் ஒரு குற்றவாளி. அவர் போனாலும் நஷ்டமில்லை என்று. அவருக்கு எதிரே வந்தவர்கள் துனிஸ் நாட்டு வணிகர் இருவர். 'பேய் பிடிக்க உன்னை, இங்கே எப்படி வந்தாய்?' என்று ஸ்பானிய மொழியிலேயே கேட்டார்கள்! உலகத்தின் கடைசிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தவர்களை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் வரவேற்கிறார். கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருட்களையும் தேடி வந்தோம் என்பது அவர்கள் சொன்ன பதில்.

வழியில் ஒரு கோயிலுக்குள் கூட்டிப்போனபோது அதை தேவாலயம் என்றே நம்பி மண்டியிட்டார்கள். சுவரில் இருந்த 'புனிதர்களுக்கு' வெளியே நீட்டிய பற்களும் நாலைந்து கைகளும் இருந்ததாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. அப்புறம் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்குக் கொடுக்கக் கொண்டுவந்த பரிசுகளைப் பரப்பி வைத்தார்கள்: 12 துண்டு கோடு போட்ட துணி, 4 சிவப்பு முக்காடு, 6 தொப்பி, 4 சரம் பவளம், 6 கை கழுவும் பாத்திரம், ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். அதிகாரிகள் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பான், தங்கம் கொண்டுவா என்றார்கள். ஐரோப்பா அன்று எவ்வளவு பணக்காரக் கண்டம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

திரும்பும்போது உள்ளூர்க்காரர் சொல்லும் பருவம் வரை பொறுக்கவில்லை. 23 நாளில் வந்த கடலைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. ஈறு வீங்கிப் பல் மூடும் ஸ்கர்வி நோயில் அந்த ஒரு கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். கிளம்பியவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் லிஸ்பன் திரும்பினார்கள்.

புதிய வழிகளையும் வரைபடங்களையும் ரகசியமாக வைத்திருந்தார்களா?

முயன்றார்கள். 1504இல் போர்ச்சுகல் மன்னர் மனுவேல், கொங்கோ ஆற்றுக்கு அப்பாலான கரைகளை வரைபடங்களில் காட்டக் கூடாது என்று ஆணையே போட்டார். அதற்குள் ஒன்று வெளியே போயிருந்தது. இத்தாலியின் பெராரா நகரக் கோமகனின் ஆளான அல்பெர்தோ கந்தீனோ, 1502இல் லிஸ்பனில் ஒரு வரைபடம் செய்யச் சொல்லி 12 தங்க டுகாட் கொடுத்துக் கடத்திக்கொண்டு போனார். இரண்டு மீட்டருக்கும் அதிக அகலமான தோல் வரைபடம். பிரேசிலின் காட்டில் கிளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆப்பிரிக்கா ஏறத்தாழ இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் இருக்கிறது. தாலமி நசுக்கிய இந்தியா கூர்மையான முக்கோணமாக நிமிர்ந்துவிட்டது.

இதன் பிற்காலக் கதையையும் கேளுங்கள். 1859இல் மொதெனா நகரத்தில் கலகம் மூண்டு அரண்மனை சூறையாடப்பட்டபோது வரைபடம் காணாமல் போனது. பிறகு ஒரு நூலகர் அதை அதே ஊரில் ஒரு இறைச்சிக் கடையில் கண்டார். மேல் பகுதியை வெட்டிவிட்டு, மறைப்புத் தட்டியாக வைத்திருந்தார்கள். இன்று அது மொதெனாவின் எஸ்தென்சே நூலகத்தில் இருக்கிறது.

டோர்டெசிலாஸ் உடன்படிக்கை என்றால் என்ன?

1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும், கேப் வெர்தே தீவுகளுக்கு 370 லீக் (பழைய கடல் தூர அளவு) மேற்கே ஒரு கோடு கிழித்து, கிழக்கே போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு என்று உலகைப் பிரித்துக்கொண்டன. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. உலகின் மறுபக்கம் கோடு எங்கே விழும், கிராம்புத் தீவுகள் யார் பங்கு என்ற வழக்குதான் 1519இல் போர்ச்சுக்கீசிய மாலுமி மெகல்லனை ஸ்பெயினுக்காகக் கிளப்பியது. ஐந்து கப்பல் போனது. 1522 செப்டம்பரில் விக்டோரியா என்ற ஒரு கப்பலும் 18 பேரும் திரும்பினார்கள். மெகல்லன் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டிருந்தார். கூடப் போன இத்தாலியர் பிகபெத்தா ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதியவர். கேப் வெர்தேயில் கரையில் கேட்டால் வியாழக்கிழமை என்கிறார்கள். இவர் கணக்கில் புதன். எங்கே ஒரு நாள் போனது என்று குழம்பி, பிறகு புரிந்துகொண்டார்: சூரியன் போகும் திசையிலேயே உலகைச் சுற்றி வந்ததால் ஒரு நாள் கழிந்துவிட்டது.

இந்தப் பயணங்கள் ஐரோப்பியக் கலையை மாற்றினவா?

ஒரு காண்டாமிருகத்தின் கதையைச் சொல்கிறேன். குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா அதைப் பார்த்ததே இல்லை. பிளினி என்ற பழைய ரோமானியர் எழுதியதைப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். காண்டாமிருகம் யானையின் பகை என்று பிளினி சொன்னது உண்மையா என்று பார்க்க, மன்னர் மனுவேல் ஒரு யானையை அதன் எதிரே நிறுத்தினார். யானை ஓடிப்போனது. புத்தகத்தில் படித்ததைச் சோதித்துப் பார்க்கும் மறுமலர்ச்சிக் குணம் இதிலும் இருக்கிறது, பாவம் அந்த விலங்குகள்.

லிஸ்பனிலிருந்து ஒரு கடிதமும் கோட்டோவியமும் ஜெர்மனியின் நூரம்பெர்க்குக்குப் போனது. அதை மட்டும் வைத்து, விலங்கைக் கண்ணால் பார்க்காமலேயே ஆல்பிரெக்ட் டியூரர் மரக்கட்டை ஓவியம் செய்தார். உடல் முழுக்கக் கவசத் தகடுகள், தோளில் ஒரு குட்டிக் கொம்பு கூடுதலாக. அச்சில் பரவிய அந்த உருவத்தையே 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் நிஜம் என்று நம்பினார்கள். போப்புக்குப் பரிசாக அனுப்பப்பட்ட காண்டாமிருகமோ, சங்கிலியோடு கட்டியிருந்ததால் நீந்த வழியில்லாமல், இத்தாலிக் கரையருகே கப்பலோடு மூழ்கியது.

'கண்டுபிடிப்பு' என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. 'தேடல்', 'பயணம்', 'வழி திறப்பு' என்கிறேன். கோழிக்கோட்டில் துனிஸ்காரரே நின்றுகொண்டிருந்தார். அங்கே கண்டுபிடிக்க என்ன இருந்தது? கரீபியனில் தாயினோ மக்கள் இருந்தார்கள். கட்டாய உழைப்பும் ஐரோப்பா கொண்டுவந்த நோய்களும் சில பத்தாண்டுகளில் அவர்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தன. லாகோஸ் திடலில் 235 பேரோடு நடந்தது, அடுத்த நூற்றாண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடத்திக் கொண்டுபோகப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களின் கதையானது. அதே காலத்தில், 1511இல், கரீபியனின் சாந்தோ டொமிங்கோவில் அந்தோனியோ டி மொந்தெசினோஸ் என்ற துறவி பிரசங்க மேடையில் நின்று, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று தம் சொந்த மக்களையே கேட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க அந்த ஒரு கேள்வி விடுவதில்லை.

இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?

சமையலறையிலிருந்து தொடங்கலாம். மிளகு தேடி வந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்து மிளகாய் என்றோம். பறங்கியர் கொண்டுவந்த காய் பறங்கிக்காய். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொற்கள். இலங்கைத் தமிழில் பாண், சப்பாத்து, அலவாங்கு என்று இன்னும் அதிகம்.

மொழித் தொடர்பு அதைவிட ஆழம். பழைய மொழிகளை இலக்கணத்தோடு படித்த மறுமலர்ச்சிக்காரர்கள் அப்புறம் தங்கள் பேச்சு மொழிகளுக்கும் இலக்கணம் எழுதினார்கள். 1492இல் நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு எழுதினார். 1540இல் போர்ச்சுக்கீசிய மொழிக்கு எழுதியவர்களில் ஒருவர் பாரோஸ், மேலே அஸ்ட்ரோலேப் காட்சியைச் சொன்ன அதே வரலாற்றாசிரியர். சில ஆண்டுகளில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் என்ற சேசு சபைத் துறவி, பாரோஸின் இலக்கணத்தை முன்மாதிரியாக வைத்துத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுதான்.

1554இல் லிஸ்பனில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஒரு மறைக்கல்வி நூல் வந்தது; அதை உருவாக்கியவர்கள் அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர் மூவர். 1578 அக்டோபரில் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே, அன்ரிக்கஸ் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியது. 16 பக்கம். எழுத்துகளைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். எந்த எழுத்து எங்கே வார்த்தது என்று காட்ட இரண்டு வகையையும் நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். பழைய தமிழ் அச்சில் வழக்கம்போல மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் வாசிக்க வந்துவிடும்.